ஏறாமல் விட்ட மூன்றாவது மலை

என் வயதுக்காரர்களே, முழங்கால் வலியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். போன வாரம் என் மகன் குடும்பத்தோடு மலை ஏறிவிட்டு வந்தான். போனில் நூற்றைம்பது படம். முதுகில் பை, கையில் மடக்குக் குச்சி, தலையில் ஆளுக்கொரு தொப்பி. எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாக, "அம்மா, நீயெல்லாம் இந்த மாதிரி மலை ஏறியிருக்கியா?" என்று கேட்டான். பாவம், கேட்கத்தான் கேட்டான். பதில் வருவதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு வேறு போன் வராது என்று நம்புகிறேன்.

ஏறியிருக்கிறேன். எனக்கு அப்போது பதினோரு வயது. குடும்பமாகப் போனோம். மூன்று மலை என்று திட்டம். இரண்டு மலைதான் ஆயிற்று.

மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு குடித்தனம், ஒரு குழாய், ஒரு கிணறு. அப்பாவும் அம்மாவும் கொள்ளேகால் பக்கத்துத் தமிழர்கள். கல்யாணமாகி இங்கே வந்தவர்கள். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் கேட் பக்கத்து டைம் ஆபீசில் வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி வைப்பது. சங்கு ஊதுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அவர் கை தானாகப் பென்சிலைத் தேடும். ஞாயிற்றுக்கிழமையிலும் தேடும்.

அம்மாவுக்கு வீட்டிலேயே வேலை, ஊதுபத்தி உருட்டுவது. எங்கள் லைனில் ஆறு வீட்டுப் பெண்களுக்கும் அதுதான். பத்திக்காரர் என்று ஒருவர் சைக்கிளில் கரித்தூளும், ஜிகட்டு என்கிற பசைத்தூளும், மூங்கில் குச்சிக் கட்டும் கொண்டுவந்து போடுவார். இரண்டு தூளையும் கலந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து, பலகையில் குச்சியோடு வைத்து உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்தால் ஒரு பத்தி. ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மறுபடியும் உலர்ந்த தூளில் புரட்டி எடுக்க வேண்டும். அப்போது எழும்புகிற தூசி இருக்கிறதே, அது அடங்க அரைமணி ஆகும். "உங்க வீடு எப்பவும் மணக்குமே" என்பார்கள் பள்ளிக்கூடத்தில். எங்கே மணந்தது? வாசனை ஏற்றுவது வேறு எங்கோ, வேறு யாரோ. எங்கள் வீட்டுக்கு வந்தது கருப்பு மட்டும்தான். தலையணை கருப்பு, சோற்றுப்பானை மூடி கருப்பு, மூக்கைச் சிந்தினால் அதுவும் கருப்பு. அதை அழுக்கு என்று நாங்கள் யாருமே நினைத்ததில்லை. மாவு மில்காரன் வீட்டில் வெள்ளை இருக்காதா, அதுமாதிரி.

அம்மாவுக்கு இழுப்பு இருந்தது. நான் பிறந்த பிறகு வந்தது என்று சொல்வார்கள். அதை ஏன் என்னிடம் சொன்னார்களோ. காலையில் எழுந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுப்பாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நானும் அண்ணனும் அந்தச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு இட்லியா பழையதா என்று தெரிந்துகொள்வோம். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது அது எங்களுக்கு ஒரு சாதாரண விஷயம்.

தொழிற்சாலை டிஸ்பென்சரியில் இருந்த டாக்டர் வெள்ளை மாத்திரை கொடுத்தார், சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். கடைசியில், "காற்று மாற்றிப் பாருங்கள். ஒரு வாரம் மலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். சொன்னவர் மறந்திருப்பார். அப்பா மறக்கவில்லை. டைம் ஆபீஸ்காரர் ஆயிற்றே. அடுத்த நாளே இரண்டு ரூல் போட்டு ஒரு நோட்டுத் தயார். முதல் கட்டத்தில் தேதி. அடுத்ததில் நடை. மூன்றாவதில் மூச்சு. அம்மாவின் மூச்சுக்கு அவர் மூன்று வார்த்தைகள் வைத்திருந்தார். நன்று, சுமார், மோசம்.

தசரா விடுமுறையில் போவதாக முடிவாயிற்று. ஊரே தசரா பார்க்க மைசூருக்கு வந்து இறங்கும்போது நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினோம். அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவனுக்குப் பதினாலு வயது. யானை ஊர்வலத்தை விட்டுவிட்டு யானை இருக்கிற காட்டுக்குப் போவதில் என்ன நியாயம் என்பது அவன் கட்சி.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஏனுங்க, ஆயுத பூஜையும் தீபாவளியும் வர்றப்போ பத்திக்காரரு ரெண்டு பங்கு போட்டுட்டுப் போயிருக்காரு. உருட்டித் தர்றேனு வாக்குக் குடுத்துட்டு மலைக்குப் போனா எம்பேரு என்னாகறது?"

"அவுரு கெடக்கறாரு, உடு. ஆறு நாளு கையக் கட்டிட்டு இருக்கோணும். டாக்டரு சொல்லிட்டாரு."

"டாக்டரு நடக்கச் சொன்னாரு. கையக் கட்டச் சொல்லலீங்க."

"நான் சொல்றேன் புள்ள."

அவ்வளவுதான். அப்பா 'நான் சொல்றேன்' என்றால் சங்கு ஊதிவிட்டது என்று அர்த்தம்.

கிளம்புகிற அன்று காலையில் அப்பா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். என் பள்ளிக்கூடப் பை, காக்கித் துணியில் அம்மாவே தைத்தது, நடுவில் பெருசாக ஒரு பொத்தான் வைத்தது. அதற்குள் இருந்த என் துணிகளை எடுத்து அவளுடைய மூட்டையில் வைத்தாள். இரண்டு துணிப்பை நிறையத் தூளும், ஒரு கட்டுக் குச்சியும் உள்ளே போட்டு, மேலே என் பாவாடை ஒன்றை மடித்து மூடினாள்.

"கண்ணு, இத நீ வெச்சுக்க. சாயங்காலத்துல எங்காச்சும் உக்காருறப்போ கொஞ்சம் கொஞ்சமா முடிச்சுப்போடலாம். அப்பாகிட்டச் சொல்ல வேண்டாஞ் சாமி."

அம்மா என்னை நம்பி ஒரு ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். பெருமை தாங்கவில்லை எனக்கு. அந்தப் பையை நான் ஆறு நாளும் யாரிடமும் கொடுக்கவில்லை. அண்ணன் ஒரு தடவை இரக்கப்பட்டுக் கேட்டபோதுகூட, "என் பை, நானே சுமப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் மலை பந்திப்பூர்க் காட்டில் இருக்கிற கோபாலசாமி மலை. குண்டல்பேட்டைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி நடந்தோம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, காட்டு இலாகாவில் கார்டாக இருந்தார். பிளிகிரி மலையில் வேலை. லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்திருந்தார். அவர் இல்லாவிட்டால் எங்களை யார் காட்டுக்குள் விட்டிருப்பார்கள்.

எங்கள் கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா அரைக்கால் சட்டையும் காலுறையும் போட்டு, கழுத்தில் விசில் மாட்டியிருந்தார். அம்மா பச்சைக் கண்டாங்கிச் சேலையும் அண்ணனின் பழைய வெள்ளைக் கான்வாஸ் ஷூவும். வாழ்க்கையில் செருப்பைத் தவிர எதையும் போட்டறியாத கால். முதல் நாள் முழுவதும் அந்த ஷூவைக் கும்பிடாத குறையாகப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தாள். ஒரு மணி நேரம் நடை, பத்து நிமிஷம் இடைவேளை, இதுதான் அப்பாவின் சட்டம். விசில் அடித்தால் உட்கார வேண்டும், அடித்தால் எழுந்திருக்க வேண்டும்.

"மச்சான், இங்க ஆனைக்கும் காது கேக்குமுங்க. கொஞ்சம் மெதுவா ஊதுங்க" என்றார் மாமா.

"ஆனை வந்தா அதுவும் பத்து நிமிஷம் உக்காரட்டும்" என்றார் அப்பா. சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்றைக்கு அம்மாவால் பத்தடிக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. நிற்பாள், இடுப்பில் கை வைப்பாள், இழுப்பாள். அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. எதற்கு இந்த மனுஷியை இப்படிக் கொல்கிறார் என்று ஆத்திரம். மேலே கோயிலை ஒட்டி ஓர் அறையில் தங்கினோம். நோட்டில் அன்றைக்கு 'மோசம்'.

மறுநாள் 'சுமார்'. அந்தப் புல்மேட்டில் சுற்றிச் சுற்றி நடந்தோம். காலில் பனி, மேலே பனி, நடுவில் நாங்கள். ஒரு பக்கம் மேகம் விலகினால் கீழே காடு தெரியும். சாயங்காலம் அம்மா தூளை எடுக்கச் சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. அவள் என்னைப் பார்த்து, நாளைக்கு என்று கண்ணாலேயே சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் நடந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். பாறையில் உலர்த்தியிருந்த அப்பாவின் துண்டு காற்றில் பறந்துவிட்டது. சரிவில் உருண்டு உருண்டு போகிறது. நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ஓடினாள். சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளை ஷூ பளிச் பளிச்சென்று தெரிய, புல்லில் நேராகக் கீழே ஓடி, துண்டை மிதித்துப் பிடித்து, அதே வேகத்தில் மேலே ஏறி வந்தாள். வந்து நின்று சிரித்தாள். இருமல் வரவில்லை. சிரிப்பு முழுசாகச் சிரித்து முடிந்தது.

அம்மாவுக்கு ஓடத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இங்க காத்து வழுவழுன்னு உள்ள போகுதுங்க" என்றாள் அப்பாவிடம். அப்பா நோட்டை எடுத்து 'நன்று' என்று எழுதினார். எழுதிவிட்டு அதன் கீழே கோடு போட்டார். பென்சில் நுனி உடைந்துவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதை அண்ணன் பார்த்ததாகப் பிறகு சொன்னான். நான் பார்க்கவில்லை, நான் அம்மாவின் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து இறங்கி சாமராஜநகர் போய், இரண்டாவது மலைக்கு வந்தோம். பிளிகிரி மலை. அடிவாரத்திலிருந்து மாமாவின் குவார்ட்டர்ஸ் வரைக்கும் காட்டுப்பாதையில் நடை. அன்றைக்கு அம்மா எங்கள் எல்லாருக்கும் முன்னால் போனாள். "அக்கா, ஆனை லத்தி சுடச்சுடக் கெடக்குது, கொஞ்சம் நில்லு" என்று மாமா பின்னால் ஓட வேண்டியிருந்தது. அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது. அம்மா திரும்பி நின்று, "விசிலக் கொண்டாங்க, நான் ஊதறேன்" என்றாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்பா கழற்றிக் கொடுத்தார். நான்காம் நாளும் 'நன்று'. அதற்கு அடுத்த நாள் காலையிலும் 'நன்று'. அந்த மூன்று நாள் நான் ஒரு புது அம்மாவோடு இருந்தேன். கதை சொன்னாள், மரத்தில் இருந்து நெல்லிக்காய் பறித்துப் போட்டாள், அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள். அது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

ஐந்தாம் நாள் மூன்றாவது மலைக்குக் கிளம்ப வேண்டும். மாதேசுவரன் மலை. அது எங்கள் அம்மாவின் குலசாமி இருக்கிற மலை. அடிவாரத்திலிருந்து படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு, பாலாறு வழியாக மேட்டூர் பஸ் பிடித்து, அம்மாவின் சித்தி வீட்டில் ஒரு ராத்திரி இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. எதிரில் இருந்த மாட்டுக்கொட்டகை தெரியவில்லை. பாதையில் மரம் விழுந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னான். அப்பாவும் மாமாவும் குடையை எடுத்துக்கொண்டு, கீழே எப்போது பஸ் போகும் என்று கேட்க ரேஞ்சு ஆபீசுக்குப் போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். "பையக் கொண்டா கண்ணு."

ஒரே அறை. மழைச் சாரல் அடிக்கிறதே என்று ஜன்னல் இரண்டையும் சாத்தினோம். கதவையும் சாத்தினோம். அண்ணன் கட்டிலில் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். மாமா சமையலுக்கு வைத்திருந்த பலகையைக் கவிழ்த்துப் போட்டு அம்மா உட்கார்ந்தாள். நான் தூளைக் கொட்டினேன். அவள் பிசைந்தாள், உருட்டினாள், நான் உலர்ந்த தூளில் புரட்டினேன். அவசரம். அப்பா வருவதற்குள் முடிந்த மட்டும் முடிக்க வேண்டும். இரண்டு பேரும் பேசவே இல்லை. நாலு நாளாக விட்டுப்போன வேலையைக் கை எப்படிப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறீர்கள்! அம்மா சந்தோஷமாகத்தான் இருந்தாள். "பாத்தியா, ஊருக்குப் போறப்போ பாதி முடிஞ்சிரும்" என்றாள். அறைக்குள் எங்கள் வீட்டுக் காற்று வந்துவிட்டது.

மழை விடாததால் போனவர்கள் திரும்பவில்லை. மதியம் தாண்டியதும் அவள் கை மெதுவாக ஓடியது. தோள் தூக்க ஆரம்பித்தது. பிறகு அந்தப் பூனைக்குட்டிச் சத்தம். நான் தலை நிமிர்ந்தேன். அவள் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினாள். நாலு மணிக்கு அவளால் சுவரில் சாய்ந்துகூட உட்கார முடியவில்லை. உதடு வேறு நிறமாகிவிட்டது. இப்படி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் வருவது இவ்வளவு மோசமாக வராது.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? தண்ணீர் கொடுக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், அண்ணனை எழுப்ப வேண்டும். எனக்குத் தோன்றியது, அப்பா வந்துவிடுவார் என்பது. நான் பலகையைக் கழுவினேன். உருட்டிய பத்திகளைத் தாளில் சுற்றினேன். தூளை வாரிப் பையில் போட்டு, மேலே பாவாடையை மடித்து வைத்து, பொத்தானைப் போட்டேன். ஈரத் துணியால் தரையைத் துடைத்தேன். அம்மா இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, அந்த மூலையில் கொஞ்சம் என்று விரலைக் காட்டினாள். அதையும் துடைத்தேன்.

அப்பா நனைந்துகொண்டு உள்ளே வந்தபோது அறை சுத்தமாக இருந்தது.

"காலைல நல்லாத்தானே இருந்தா! என்ன பண்ணுனீங்க?"

அண்ணன் எழுந்து, "நான் தூங்கிட்டேம்பா" என்றான்.

அம்மா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். நான் சொன்னேன், "ஒண்ணும் பண்ணலீப்பா. சும்மாதான் உக்காந்திருந்தோம்."

மாமா ஓடிப்போய் இலாகா ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார். விழுந்த மரத்தை நாலு பேர் புரட்டித் தள்ளி வழிவிட்டார்கள். அப்பா பின்சீட்டில் அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு, "நடக்காம உட்டுட்டேன் புள்ள, மழையாவது ஒண்ணாவதுனு நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்கோணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாமராஜநகர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இழுப்பு கொஞ்சம் இறங்கியது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் அப்பா நோட்டில் எழுதினார். நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். 'மழை. நடை இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மூச்சு மோசம்.'

ஊருக்குத் திரும்பினோம். மைசூரில் தசரா விளக்கெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா அந்தப் பையைத் துவைத்தாள். கருப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "ரெண்டு மலையும் இதத் தூக்கிட்டு ஏறுனியே, கனமா இருந்துச்சா கண்ணு?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். தூள்தானே. உண்மையிலேயே கனமாக இல்லை.

அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு ஒழுங்காக யாரும் தன்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை என்றார். நடக்க நடக்கத் தேறியிருக்கிறது, உட்கார்ந்த அன்றைக்கு விழுந்துவிட்டது, அப்படித்தானே என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், சாட்சிக்கு. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அப்படியானால் தினம் நடக்கட்டும், மேடு ஏறினால் ரொம்ப நல்லது என்றார் டாக்டர்.

எங்கள் மைசூர்ச் சாமுண்டி மலைப் படி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயிரம் படி. அடுத்த வாரத்திலிருந்து எங்கள் அம்மா அதில் ஏறினாள். விடிகிற நேரத்தில் அப்பா விசிலோடு முன்னால், அம்மா அதே வெள்ளை ஷூவில் பின்னால். பெரிய நந்தி வரைக்கும் போய்விட்டு இறங்குவார்கள். எட்டு மணிக்கு வீட்டில் பலகை முன்னால் உட்கார்ந்துவிடுவாள். மழை, பனி, காய்ச்சல் எதற்கும் விடுமுறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்களும் போவோம். நந்தி பக்கத்துத் திண்டில் உட்கார்ந்து அவள் நிதானமாக மூச்சு விடுவாள்.

"மேல வந்தா நல்லாத்தான் இருக்குதுங்க. கீழ போனாத்தான் திரும்பப் புடிச்சுக்குது" என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

"அப்ப இன்னும் நூறு படி சேத்து ஏறோணும்" என்றார் அப்பா.

நாங்கள் நாலு பேரும் அங்கே இருந்தோம். நாலு பேருக்கும் காது கேட்கும். ஊர் கீழே விரிந்து கிடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்குக் காரணமும் இருந்தது. லைனில் மற்ற ஐந்து வீட்டிலும் அதே தூள்தான், அந்த ஐந்து பேருக்கும் இழுப்பு இல்லையே. அம்மாவே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. வேலை செய்தது தெரிந்தால் திட்டுவாரே என்பதுதான் அவளுடைய பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்காகத்தான் நான் தரையைத் துடைத்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மா போய்விட்டாள். கடைசி வருஷம் இருபது படிகூட ஏற முடியாது. ஆனாலும் அப்பா அடிவாரம் வரைக்குமாவது ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய், முதல் படியில் நிறுத்தி வைப்பார்.

எனக்கு ஐம்பது வயதானபோது லேசாக இருமல் வந்தது. போன இடத்தில் ஒரு சின்னப் பெண் டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, சின்ன வயதில் வீட்டில் யாராவது தூசி பறக்கிற வேலை செய்தார்களா என்று கேட்டாள். மைசூர்க்காரரா, பத்தி கித்தி உருட்டினீர்களா என்றாள். ஒரு கேள்வி. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நான் வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிளிகிரி மலையில் மூடிக் கிடந்த அந்த அறை, ஜன்னல், பலகை, ஈரத் துணி எல்லாம் வந்து எதிரில் நின்றது. நாலு நாளில் அம்மாவின் மார்பை விட்டு இறங்கியிருந்ததை, நான் அல்லவா முதுகில் சுமந்துகொண்டு பின்னாலேயே போயிருக்கிறேன். அன்றைக்குக் கேட்ட அப்பாவிடம் ஒரு வார்த்தை உண்மையாகச் சொல்லியிருந்தால், டைம் ஆபீஸ்காரர் அதையும் எழுதியிருப்பார். எழுதியிருந்தால் அந்த டாக்டர் கண்ணில் பட்டிருக்கும். பட்டிருக்காமலும் போயிருக்கலாம். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அப்பா அலட்சியமானவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் அலட்சியமானவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அம்மா போன பிறகு ஒவ்வொரு வருஷமும் திவசத்தன்று அவர் ஒன்றையே சொல்வார். "அந்த மூணாவது மலை உட்டுப்போச்சு. மாதேசுவரனையும் ஏறியிருந்தா பொழச்சிருப்பா." எண்பத்திரண்டு வயது வரைக்கும் சொன்னார். நான் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். சொன்னால் என்ன ஆகும்? மூன்றாவது மலை அவர் தலையிலிருந்து இறங்கும். சாமுண்டி மலையின் ஆயிரம் படியும், எட்டு வருஷமும் ஏறி உட்காரும். எதைச் சுமக்க அவருக்குச் சுலபம்? எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக அவரைப் பார்த்தது அண்ணன் வீட்டில். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மடியில் அந்த நோட்டு. அட்டை போய்விட்டது, பென்சில் எழுத்து பாதி அழிந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் விரலால் தடவிக் கண்டுபிடித்தார்.

"அம்மிணி, இத ஒருக்கா பாத்துச் சொல்லு. அன்னிக்கு மழையில உங்கம்மா சும்மாதானே உக்காந்திருந்தா? நான் வந்து பாக்கறப்போ நீதான் கூட இருந்த."

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாகப் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது. தப்பென்றால் திருத்திவிட வேண்டும் அல்லவா.

"ஆமாப்பா. சும்மாதான் உக்காந்திருந்தோம்" என்றேன்.

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கறேன்" என்று சொல்லி, நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.